நடுவில் மைனஸ்

கடைசித் திருகைக் கழற்றும்போது எல்லோரும் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோயிலின் கீபோர்டு, பலிபீடத்துக்கு முன்னால் பாயில் குப்புறக் கிடந்தது.

ஆறு வருடம் அவன் வாசித்தது. போன வாரம் அதை அவன் கையாலேயே தன் மருமகன் ஜெனிஸ்டனிடம் கொடுக்கவைத்தார் சபைச் செயலாளர் ஞானதுரை. ஜெனிஸ்டன் உட்கார்ந்த முதல் ஞாயிறு, முதல் பாட்டுக்கு முன்பே அது செத்துப்போனது.

கெடுத்துக் கொடுத்திருக்கிறான் என்று பேச்சு. அது உண்மையென்றால் பாடகர் குழுவிலிருந்தே அவன் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"ஏல, உள்ள எதையும் நோண்டி மறைச்சிராத. நாலு பேரு பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றார் ஞானதுரை.

அவன் மூடியைத் தூக்கினான்.

மின்சாரம் நுழையும் இடத்தில், அரிசி அளவில் ஒரு கறுப்பு டயோடு. அதன் இரு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தான்.

பீப்.

ஊசிகளை மாற்றி வைத்தான்.

அப்போதும் பீப்.

"இது ஒருவழிப் பாதை, அண்ணாச்சி. ஒரு பக்கந்தான் விடணும். ரெண்டு பக்கமும் விட்டா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."



ஜெனிஸ்டனிடம் திரும்பினான். "எதைச் சொருகுனீங்க?"

ஜெனிஸ்டன் ஓர் அடாப்டரை நீட்டினான். கோயிலுக்குக் கேமரா மாட்ட வந்தவர்கள் விட்டுப்போனது. "பின்னு கச்சிதமா உக்காந்துச்சே."

கீபோர்டு உறையின் பக்கவாட்டுப் பைக்குள் அவன் கைவிட்டான். பழைய அடாப்டர், அவன் சுற்றிவைத்த ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தது.

அதன்பின் அவனை நிறுத்த முடியவில்லை.

பின்னின் நடுத்துளையில் சிவப்பு ஊசி, வெளி வளையத்தில் கறுப்பு. கேமரா அடாப்டர் மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பழையது ஒன்பது காட்டியது. ஒன்பதுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

"அந்தக் கோட்டைப் பாருங்க! இதுக்கு நடுவுல மைனஸ். கேமராவுக்கு நடுவுல பிளஸ். தலைகீழா கரண்டு வந்துச்சுன்னா இந்த டயோடு தன் உடம்புல வாங்கிக்கிட்டுச் சாகும். மத்ததை எல்லாம் காப்பாத்திரும். எவ்வளவு அழகு!"

புது டயோடைப் பற்றவைத்தான். பழைய அடாப்டரைச் சொருகினான். கீபோர்டை நிமிர்த்தி ஒரு கட்டையை அழுத்தினான்.

நாதம் கூரைவரை போனது.

"கேமராவுக்குப் பாட்டுப் படிக்கத் தெரியுமாக்கும்," என்றாள் குழுவில் ஒருத்தி. சிரிப்பு பரவியது. ஜெனிஸ்டனின் காது சிவந்தது.

ஞானதுரை சிரிக்கவில்லை.

"இவ்வளவு வெவரம் தெரிஞ்சவன், குடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னியால?"

சிரிப்பு நின்றது.

மணி அடிப்பவரை நிறுத்திவைத்து, மைக் எப்படிக் கேட்கிறது என்று விளக்கியவன் அவன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்குகிறவன்.

கீபோர்டைக் கொடுத்த அன்று, உறையை வாங்கிக்கொண்டே ஜெனிஸ்டன் கேட்டிருந்தான்.

"வேற ஏதாவது கவனிக்கணுமாண்ணே?"

உறையின் வார் இன்னும் அவன் விரல்களை விட்டு முழுதாக நழுவியிருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றிருந்தான்.