புரட்டாத பக்கம்

கண்ணுகளா, செத்து நூறு வருஷம் தாண்டிய ஒரு வெளிநாட்டு இசைமேதையின் நடன மெட்டு ஒன்று ஊருக்கே மனப்பாடம். பெரிய வாத்தியக்குழு வாசிப்பதற்காக அவர் எழுதிய சிம்பொனியை மட்டும் யாரும் கேட்டதில்லை. அதிலுள்ள ஒரு மெட்டுக்காகவே அதை மேடையேற்றச் சொல்லி, செல்லோ என்கிற பெரிய வயலின் வாசிக்கும் அருளப்பன் கெஞ்சிக்கொண்டிருந்தான். வாத்தியங்களை நடத்தும் குழுத்தலைவர் சம்மதித்த வாரத்தில் செத்துப்போனான்.

அவனும் மனைவி ஜெசிந்தாவும் ஒரே தாளைப் பார்த்துச் செல்லோ வாசித்தவர்கள். அவள் நிறுத்தாமல் வாசிப்பாள்; பக்கம் புரட்டுவது அவன் கை. கச்சேரியன்று அவன் நாற்காலியைக் காலியாக விடச் சொன்னாள். மற்ற வாத்தியங்கள் அடங்கி, அவள் மட்டும் வாசிக்கும் இடத்தில் பக்கம் முடிந்தது. பழக்கத்தில் அந்தக் கைக்காகக் காத்திருந்தாள். வில் நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து, குழுத்தலைவர் கையசைத்து, அவள் மீதியை விட்டுவிட்டு வயலின்களைத் தொடங்கிவைத்தார்.

முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார்.

“அந்த மேதை நடுவுல ஒரு மௌனம் வெச்சாரு பாருங்கம்மா. அங்கதான் அழுதுட்டேன்.”

குழுத்தலைவர் அவள் காதருகே குனிந்தார். “நாளைக்கும் அப்படியே இருக்கட்டும் ஜெசிந்தா.”

“அடுத்த பக்கத்துலதான் சார், எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்ட மெட்டு இருக்கு” என்றாள்.