ஆனையடக்கித் தளவாயின் வாரிசுகள்

நிச்சயத் தாம்பூலத் தட்டை வாங்க நீட்டிய கையை மாப்பிள்ளையின் அப்பா உலகமுத்து இழுத்துக்கொண்டார். பெண் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வம்சாவளியின் உச்சியில் ஆனையடக்கித் தளவாய் இருந்தார். உலகமுத்து வீட்டுச் சுவரிலும் அவர்தான் உச்சி. ஆதாரமென்று கீழே ஒட்டியிருந்ததும் அதே வெள்ளைக்காரத் துரையின் அதே கடிதம். அப்படியொரு துரையும் கிடையாது, தளவாயும் கிடையாது. கேட்டவருக்கெல்லாம் பரம்பரை எழுதித் தரும் ஒரே ஆளிடம் இரு வீட்டு அப்பாக்களும் வாங்கியது. அது இருவருக்குமே தெரியும்.

“எங்க பாட்டனாரு உம்ம வீட்டுச் சுவத்துல என்னய்யா பண்ணுதாரு?”

“உம்ம பாட்டனாரா? எனக்கு ஏழாந்தலைமுறைத் தாத்தாவே!” என்றார் பெண்ணின் அப்பா திருமேனி.

“அப்போ நாம பங்காளி. பங்காளி வீட்ல பொண்ணெடுக்கவா மேளத்தோட வந்தேன்?”

“உம்ம தளவாய் போலின்னு சபையில சொல்லும். இப்பவே தட்டை மாத்துவோம்.”

“ஏன், நீரு சொல்லுமேன்!”

மணப்பெண் செவந்தி எழுந்து வந்தாள். “ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்னு ஒத்துக்கிட்டா போதும்ப்பா” என்றாள். இருவரும் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக அவள் காதலித்த மாப்பிள்ளை மதியழகனைப் பார்த்தாள். அவன் தன் அப்பாவைப் பார்த்தான்.

செவந்தி காப்பித் தம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“ஆறுறதுக்குள்ள குடிங்க, அண்ணே.”