மரங்களுக்கு நடுவே ஒரு பாதை

பக்கவாதம் வந்த எட்டாவது மாதத்தில் திருமேனி, மருத்துவமனையின் பயிற்சி அறையில், மெய்நிகர் காட்சி காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தார். கண்ணெதிரே காட்டுப் பாதை ஒன்று நீண்டு போனது. பத்தடிக்குள் இடது கால் துவண்டுவிட்டது. தன்னைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்த மனைவியிடம், “நீயும் ஒரு தடவ மாட்டிப் பாரேன் குமுதவல்லி” என்றார். பயிற்சி கொடுக்கும் ஜெனிட்டா சிரித்துக்கொண்டே அவளை டிரெட்மில்லில் ஏற்றிக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். முதலில் கம்பியை இறுகப் பிடித்திருந்த குமுதவல்லி, கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு நடந்தாள். அவரைத் தூக்கித் தூக்கியே வளைந்துபோன அவள் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

“என்னம்மா தெரியுது?” என்றாள் ஜெனிட்டா.

“மரந்தான். ஆளுங்க யாருமே இல்ல.”

அவள் குரல் இவ்வளவு லேசாக இருந்து அவர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்கு அவள்தான் கூட்டிப்போக வேண்டும். கூப்பிட வாயெடுத்தார்.

“போதுமாம்மா? கழட்டிரலாமா?” என்று ஜெனிட்டா டிரெட்மில்லை நிறுத்தப் போனாள்.

திருமேனி விளங்கும் கையை உயர்த்தித் தடுத்தார். “விடும்மா” என்றார், குழறிக்கொண்டே. “இன்னுங் கொஞ்ச தூரம் போகட்டும்.”

தொடைகளை இறுக்கிக்கொண்டு, அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.