எடுக்காத பொட்டலம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அப்பன் பேச்சு எடுபடுவதில்லை. சாமியைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அதற்காகத்தான் ஆனி மாதச் சாரலில் நனைந்துகொண்டு, நானும் என் பெண்டாட்டியும் மகனும் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு சின்னப் பிள்ளையார் முன்னால் நின்றோம்.

பிள்ளையார் காலடியில் வாழையிலைப் பொட்டலம் இரண்டு. ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி என்று பேச்சு.

வெள்ளை வந்தால் தூத்துக்குடி. சிவப்பு வந்தால் திருவனந்தபுரம்.

மகன் சிவசைலத்துக்கு இரண்டு ஊர்க் காலேஜிலும் பி.காம். படிக்க இடம் கிடைத்திருந்தது.

வியாபாரத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தென்காசி பஜாரில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். எந்த வாத்தியார் வந்து எனக்கு மூட்டை கட்டச் சொல்லித் தந்தான்?

சரி, படித்துத் தொலையட்டும். தூத்துக்குடியில் படிக்கட்டும். நம் ராஜ்யம். லீவு விட்டால் ரயிலேறி வந்து மண்டியில் உட்காரலாம். என் கண் முன்னால் இருப்பான்.

திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம். வேறு ராஜ்யம், வேறு பாஷை. என் தம்பி வல்லிநாயகம் இருபது வயதில் அங்கே போனான். அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. போவதற்கு முந்தின நாள், மண்டியில் நாலு பேர் பார்க்க நான் அவனைச் செருப்பால் அடித்தேன் என்பது வேறு விஷயம். அண்ணன் அடிக்காமல் ஊரானா அடிப்பான்? அவனைக் கெடுத்தது அந்த ஊர்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

போன மாதம் இதைத்தான் அவனிடம் சொன்னேன். மலையைத் தாண்டினால் அந்நிய ராஜ்யம், போனவன் திரும்ப மாட்டான் என்று. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி செங்கோட்டையே அவங்க ராஜ்யந்தானப்பா. ஸ்டேட்டப் பிரிச்சப்ப எல்லைக் கோடே நகந்துட்டு. நீங்கதான் நகர மாட்டேங்கிய.”

அறைந்தேன். பதினெட்டு வயதுப் பயல். கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

என் பெண்டாட்டி குழல்வாய்மொழி அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். கட்டி வந்த நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னவள் இல்லை. அன்றைக்கும் எதிர்க்கவில்லை. பூக்கட்டிப் பார்த்துவிடலாம், சாமி சொல்கிறபடி நடக்கட்டும் என்றாள்.

மகன் தலையாட்டினான். நானும் சரி என்றேன். யோசிக்காமல் சரி என்றேன்.

ஐந்தருவிக்குப் புறப்பட்ட அன்றைக்குக் காலையில் கொல்லையில் பூப் பறித்து நானேதான் பொட்டலம் கட்டினேன். வாழைநாரால், சாக்கு வாயைக் கட்டுகிற மாதிரி, இரண்டு சுற்று, ஒரு இறுக்கு. எனக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான். நார்ப்பெட்டியில் வைத்துக் குழல்வாய்மொழியிடம் கொடுத்தேன். வில்வண்டியில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்னால், மடியில் பெட்டியோடு வந்தாள். மகன் சைக்கிளில் முன்னால் போய்விட்டான்.

அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பத்தை நிறுத்தி, அவர்கள் பெண் குழந்தையை ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னோம். அது தலையில் ஈரம் சொட்டச் சொட்டக் குனிந்து, கைக்கு எட்டினதை எடுத்தது.

மகன் வாங்கிப் பிரித்தான்.

சிவப்பு.

அவன் துள்ளவில்லை. மூச்சை விட்டான், அவ்வளவுதான். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தவன் மாதிரி.

குனிந்து இலைக்குள் இன்னொரு தடவை பார்த்தேன்.

நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்திருந்தேன்.

யாரிடம் சொல்ல? சொன்னால் சாமியை ஏமாற்றின பட்டம் எனக்குத்தான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது வழக்கம். நானே விட்டுவிட்டு வருகிறேன் என்று அதை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.

கையில் வைத்துப் பார்த்தேன். என் முடிச்சு இல்லை. பூத்தொடுக்கிறவர்கள் போடுகிற முடிச்சு. சின்னதாக, நார் நழுவாமல். என் வீட்டுச் சாமி படத்தில் தினமும் தொங்குகிற சரத்தில் பார்க்கிற அதே முடிச்சு.

பிரித்தேன்.

அதிலும் சிவப்பு.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள். என் உள்ளங்கையிலிருந்த பூவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அதப் பிரிக்கப்படாதும்பாவ. நீங்க எதுக்குப் பிரிச்சிய?”

குரலில் கோபம் இல்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

பூவைத் தண்ணீரில் விட்டேன். ஒரு கல்லில் முட்டி நின்று, பிறகு போய்விட்டது.

அவளாக இருக்காது. அவளுக்கு அந்தத் தைரியம் கிடையாது. என் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா? விடியாத வெளிச்சத்தில் நானே நிறம் மாற்றிப் பறித்திருப்பேன். முடிச்சு நனைந்து சிறுத்திருக்கும். மழையில் நார் என்னவெல்லாமோ செய்யும்.

மேலே ஏறி, வண்டியைத் தாண்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனைத் தாண்டி, தென்காசி ரோட்டில் சாரலோடு நடக்க ஆரம்பித்தேன்.

வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். இரண்டு பேரில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.