பாலைவனத்தில் திமிங்கிலம்

படகோட்டி ஃபெர்மின் விடைத்தாளை மேசைமேல் அறைந்தார். திமிங்கிலம் காட்டும் சுற்றுலாப் படகுக்கு உரிமம் வேண்டுமென்றால் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். அடுத்த வாரம் சீசன்.

"முப்பது வருஷமா சான் இக்னாசியோ காயல்ல திமிங்கிலத்தோட குடித்தனம் பண்றேன். எனக்கு முட்டையா, டீச்சரம்மா?"

தேர்வாளர் யாதிரா நிமிரவில்லை. "இங்கேருந்து அலாஸ்காவுக்குத் திமிங்கிலம் எவ்வளவு தூரம் நீந்துதுன்னு கேட்டேன். நீங்க வரைபடத்துல ஸ்கேலை நேரா வச்சு அளந்திருக்கீங்க."

"அளவு பிசகிருக்கா?"

"இல்ல. ஆனா உங்க கோடு விஸ்கைனோ பாலைவனத்து வழியா போகுது. திமிங்கிலம் எப்ப ஒட்டகமாச்சு? அது கரையோரமா வளைஞ்சு வளைஞ்சு போகும். நூலை வச்சு அளக்கணும்."

ஃபெர்மினுக்குக் காது சிவந்தது. "ஸ்கேல் பிடிச்ச கைக்காவது அரை மார்க் போடக்கூடாதா?"

"மத்தவங்களுக்குப் போடுவேன். உங்களுக்கு மட்டும் முடியாது."

"எங்கிட்ட மட்டும் என்ன பகை? இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரிய எந்தப் புண்ணியவான் பெத்தானோ?"

"நீங்கதான்ப்பா."

வரிசையில் நின்ற படகோட்டிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். யாதிரா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை மறுதேர்வு. சாயந்தரம் வீட்டுல சொல்லித் தரேன். அங்கேயும் கத்தினா, பெஞ்ச் மேல ஏத்திடுவேன்."