கைராசிக்காரி

"நீ காலேஜுக்குப் போற வியாழக்கிழமை மட்டும் மெஷின் நின்னுடுது. மத்த நாளெல்லாம் ஒழுங்கா ஓடுது. இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார் மேனேஜர்.

அவளுக்கும் அதுதான் விளங்கவில்லை. அந்தப் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் படிக்கும் பயிற்சி ஊழியர் அவள். மற்ற நாட்களில் கட்டுப்பாட்டு அறையில் வேலை, வியாழக்கிழமை கல்லூரி. படிப்புச் செலவு முழுக்க நிறுவனத்துடையது.

"எத்தனையோ பேர் வந்து பார்த்துட்டாங்க சார்," என்றார் சூப்பர்வைசர். "அவங்க இங்க வந்து சுத்திச் சுத்திப் பார்க்கிற வரைக்கும் சமத்தா ஓடுது. அவங்க போய், நான் மட்டும் தனியா உக்கார்ந்தா நின்னுடுது. இது இன்ஜினீயரிங் இல்ல சார். கைராசி."

"யாரோட கைராசி?"

"இந்தப் பொண்ணோடதுதான். போன வாரம் இவ டிபன் டப்பாவைக்கூட மேஜை மேல வச்சுப் பார்த்தோம். மெஷின் ஏமாறல."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். கீழ்த்தளத்தில் இருந்த அந்த மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, பாட்டில் மூடிகளாகத் துப்பும். பாதியில் நின்றால் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் எல்லோருக்கும் தாவு தீர்ந்துவிடும்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். காலேஜை விட்டுடும்மா. நிரந்தர வேலை தரேன்."

"என்ன வேலை சார்?"

"சும்மா உக்கார்ந்திருக்கிற வேலை."

"அதுக்கு எதுக்கு சார் நான்? எனக்கு டிகிரி வேணும்."

"எனக்கு மூடி வேணும். நாளைக்கு வியாழன். நாளைக்கும் நின்னுச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து உனக்குக் காலேஜ் கிடையாது."

மேனேஜர் போய்விட்டார். சூப்பர்வைசர் தன் நாற்காலியில் பிடித்துவைத்த பிள்ளையார் போல உட்கார்ந்து, திரையில் ஓடும் எண்களைப் பார்க்க ஆரம்பித்தார். கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். யோசனை வந்துவிட்டால் அவளுடைய வலது கால் தானாக ஆடும். இப்போதும் ஆடியது.

"ஏம்மா, தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி காலாட்டுறியே, ஜாக்கெட் தச்சு முடிச்சாச்சா?"

"சாரி சார். எங்கம்மாவும் இதுக்குத்தான் திட்டுவாங்க."

"திட்டாம கொஞ்சுவாங்களா? என்னைப் பாரு. உக்கார்ந்தா உக்கார்ந்ததுதான். கொசு கடிச்சாக்கூட அப்புறம் சொறிஞ்சுக்கலாம்னு விட்டுடுவேன்."

அவள் இரண்டு கால்களையும் நாற்காலியோடு பின்னிக்கொண்டாள். படிப்பு கைநழுவப் போகிற கவலையில் அவளுக்கு அசையவும் தோன்றவில்லை. வெகுநேரம் அப்படியே போனது.

"ஏ.சி. ரூம்லயும் எனக்கு வேர்க்குது," என்றார் சூப்பர்வைசர், தலையைத் திருப்பாமல். "எனக்கு வேர்த்தா மெஷின் நிக்கப் போகுதுன்னு அர்த்தம். அனுபவம்மா. உடம்பே சொல்லிடும்."

"இன்னிக்கு நான் இருக்கேனே சார்."

கீழே மெஷின் நின்றது.

சூப்பர்வைசர் துள்ளி எழுந்து படியிறங்கி ஓடினார். அவளும் எழுந்தாள். கதவுக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு சிவப்புப் புள்ளி கண் சிமிட்டியது. அவள் உட்கார்ந்து அசையாமல் இருந்து பார்த்தாள். புள்ளி அணைந்தது. கையை வீசினாள். புள்ளி சிமிட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கைராசியும் கைவிட்டுடுச்சே," என்று வாடிய முகத்தோடு திரும்பி வந்தார் சூப்பர்வைசர்.

"கவலைப்படாதீங்க சார். நாளைக்கு நான் காலேஜ் போறேன். என் நாற்காலியில வேற ஆளை உக்கார வச்சிட்டுப் போறேன். மெஷின் நிக்காது."

"எந்த டிபார்ட்மென்ட் ஆளு?"

"ஸ்டோர்ல சும்மா கிடக்கிற ஆளுதான் சார்."

வியாழக்கிழமை மாலை மேனேஜர் போன் செய்தார்.

"நிக்கவே இல்லையாமே. புது ஆள் எப்படி?"

"தங்கம் சார். காலையிலேருந்து டீ குடிக்கக்கூட எழுந்திரிக்கல. லீவு கேக்கல, ஊர்க்கதை பேசல. நான் எது சொன்னாலும் தலையாட்டல்தான்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா? நிரந்தரம் பண்ணிடலாமா?"

"வியாழக்கிழமைக்கு மட்டும் போதும் சார். மத்த நாளைக்கு நம்ம பொண்ணோட கால் இருக்கு."

"கைன்னுல்ல சொன்னீங்க?"

"இல்ல சார், கால்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு சூப்பர்வைசர் எதிர் நாற்காலியைப் பார்த்தார். அறையில் ஒருவரும் அசையாவிட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாட்டிய அந்த வெள்ளைப் பெட்டி ஏ.சி.யை நிறுத்திவிடும், ஏ.சி. நின்றால் மெஷினை இயக்கும் மூலைக் கணினி சூடேறி அதை நிறுத்திவிடும். அதனால் அவளுடைய வேலைச் சட்டையைப் போர்த்திக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டியபடி, அவள் இடத்தில் ஒரு பழைய மேஜை மின்விசிறி உட்கார்ந்திருந்தது.