கண்ணாடியில் தெரியும் உயரம்

குட்டைக் கம்பங்களை வெல்டர் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சின்னப் படகு டிரெய்லருக்கு இது தாராளம் என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெல்டர் மசியவில்லை. அடியில் வளைந்த இரும்புக் குழாய், அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் உறை, இடுப்பைத் தாண்டிய உயரம். அந்த ஜோடியை வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினார்.

படகில்லாத டிரெய்லர் தாழ்வானது. ஏரிக்கரைச் சரிவில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் கார்க் கண்ணாடியில் அது மருந்துக்கும் தெரியாது. இத்தனை காலமும் வெல்டரே தண்ணீரில் இறங்கி அதன் ஓரமாக நின்றார். அவரை அடையாளம் பார்த்துத்தான் கார் பின்னால் வரும். அப்புறம் படகை அதன்மேல் ஏற்றி இழுத்து வருவார்கள்.

போன முறை அந்தச் சரிவில்தான் அவர் கால் முறிந்தது. இனி தண்ணீரில் போய் நிற்கிற வேலையெல்லாம் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பதில் அடையாளமாக நிற்கத்தான் இந்தக் கம்பங்கள்.

“கால் இந்த லட்சணத்துல இருக்கும்போது படகு ஒண்ணுதான் குறைச்சலா? வித்துத் தொலைங்க,” என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, குழாயைப் பிடிக்க அவள்தான் வந்து நின்றாள்.

ஊரிலுள்ள கேட்டுகளையெல்லாம் பற்றவைத்த மனுஷன் தன் டிரெய்லருக்குப் போல்ட் போதும் என்றது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பற்றவைத்தால் அத்தோடு சரி. போல்ட் என்றால் பொருந்தும்வரை நகர்த்தலாம்.

முறிந்த காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, டிரெய்லரின் பின்பக்கம் கம்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினார். முதலில் படகை ஒட்டினாற்போல் வைத்துவிட்டார். இப்படி வைத்தால் படகு ஏறும்போது சிக்கிக்கொள்ளும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றி, பக்கத்துக்கு மூன்று விரல் இடம் விட்டு மறுபடி பூட்டினார்.

பிறகு மனைவியை டிரைவர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

“ஓட்டவே தெரியாதவளை எதுக்குங்க இங்க உட்கார வைக்கிறீங்க?”

வெல்டர் இருக்கையை முன்னால் தள்ளிக்கொள்ளச் சொன்னார். வலதுபக்கக் கம்பம் தெரிந்தது. இடதுபக்கம் நுனிதான் தெரிந்தது. சரிவில் இன்னும் தாழுமே என்று யோசித்து, இரண்டு உறைகளையும் ஒரு சாண் உயர்த்தி முடுக்கினார்.

மனைவியும் மருமகளும் ஒரே உயரம்.

அந்த வீட்டில் பிரமாதமாக வண்டி ஓட்டுகிறவள் மருமகள்தான். மகனே அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிடுவான். மாமனாருக்குக் கால் முறிந்த நாளிலிருந்து அவள் காரைத் தொடவில்லை. கழுத்து வலி என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறாள். அதுதான் வெல்டரைப் போட்டு அரித்தது. படகு போனால் போகட்டும், இந்தப் பெண் இப்படியே முடங்கிவிடக் கூடாது.

அவளைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கழுத்து வலி மாமா.”

“ஓட்ட வேண்டாம்மா. உட்கார்ந்து கண்ணாடியை மட்டும் பாரு.”

மாமனார் பேச்சைத் தட்ட முடியாமல் சாவியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வலது கண்ணாடியைப் பார்த்தாள். இடது கண்ணாடியைப் பார்த்தாள். படகின் இருபுறமும் வெள்ளைக் கம்பங்கள் பளிச்சென்று நின்றன. அவற்றின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெல்டர் அதைக் கவனிக்காதவர்போல் காலை இழுத்து இழுத்துச் சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“இனிமே பின்னால யாரும் நிக்க மாட்டாங்க. ஏரிக்குப் போலாமா?”

அவள் ஸ்டியரிங்கைத் தொட்டாள்.

மனைவி ஜன்னலருகே வந்து குனிந்தாள். “உன் மாமாவைக் கீழ இறங்க விடாதே. அந்தப் பாசியில மறுபடியும் வழுக்கி விழுந்து வைக்கப் போறார்.”

மருமகள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

“ஆமா, பொல்லாத பாசி,” என்று வெல்டர் முந்திக்கொண்டார்.

அந்தச் சரிவில் பாசியே கிடையாது. அவள் பின்னால் எடுத்த டிரெய்லரின் சக்கரம் அவர் காலில் ஏறிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் மனைவி ஓடி வருவதைக் கண்டதும் வெல்டர் உண்டாக்கிய பாசி அது.

அவள் சாவியைத் திருகினாள்.